பழைய பெட்டிக்கு எதை மாற்றுவது?

8 டிசம்பர் 2025, திங்கள்

டிட்வா புயல் மழை ஓய்ந்து ஒரு வாரம் ஆகிறது. சம்பா வயலில் நின்ற தண்ணீர் இன்னும் முழுக்க வடியவில்லை என்று மன்னார்குடியில் என் கடைக்கு வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்குச் சிட்டா, அடங்கல், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் முதல் பக்கம் என்று காலையிலேயே வாசலில் கூட்டம். நம் கணினிப் பெட்டியோ எழுந்திருக்கவே நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. கோட்டூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "என்னா ஆயி, பொட்டி இன்னும் தூங்குதா?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் கூச்சமாக இருந்தது.

எழுந்த பிறகும் பட்டா தளம் திறக்கவில்லை. "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்புப் பக்கம். மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 2012 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு இணையதளத்தின் சான்றிதழுக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று கெடு உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் அந்தத் தளத்தை நம்பாது. தேதியைக் கையால் மாற்றி வேலையை ஓட்டினேன். சாயங்காலம் பந்தலடி வாட்ச் கடையில் சி.ஆர்.2032 என்று கேட்டு வாங்கிப் போட்டாயிற்று. மூன்று வோல்ட், நாணயம் அளவு. வீட்டிலோ கடையிலோ பழைய கணினி இருக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பொங்கல் கழிந்தால் அறுவடை. நேரடி கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைன் பதிவு செய்ய மறுபடி இதே கூட்டம் வரும். அதற்குள் பெட்டிக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

10 டிசம்பர், புதன்

பெட்டியின் ஜாதகத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன். 2013-ல் திருச்சியில் அசெம்பிள் செய்தது. இன்டெல் கோர் ஐ3-3220, அதாவது மூன்றாம் தலைமுறை. எச்61 சிப்செட் மதர்போர்டு. 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், ஒரே குச்சி, இரண்டாவது ஸ்லாட் காலி. 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10.

சர்வீஸ் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, இது தொல்பொருள். புதுசு வாங்கிடுங்க, விண்டோஸ் 11 போட்டுக்கலாம்" என்றான். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட இன்டெல் பிராசசரும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் இதே கேள்வி அடுத்த தீபாவளிச் சமயத்தில் மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

புதிய பெட்டிக்கு விலை கேட்டேன். இந்த மழை வருஷத்தில் கடை வருமானத்துக்கு அது ஒத்துவராது.

11 டிசம்பர், வியாழன்

எதை மாற்றுவது என்பதற்கு முன்னால், எது காக்க வைக்கிறது என்று பார்க்க வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எங்கள் சார் அப்படித்தான். மிஷின் மக்கர் செய்தால் எண்ணெய் விடுவதற்கு முன் எந்தச் சாவி சிக்குகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்வார்.

இன்று மத்தியானம் கூட்டம் குறைந்தபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தேன். வில்லங்கச் சான்றுத் தளம், பட்டா தளம், ஒரு பி.டி.எஃப்., ஒரு பிரிண்ட். பிராசசர் பாதிகூட ஓடவில்லை. பெரும்பாலும் 20, 30 சதவீதம். ராம் கழுத்து வரை நிரம்பிக் கிடந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் ஏறி, இறங்கவே இல்லை.

இது இரண்டும் தனித்தனி வியாதி இல்லை. ராம் போதாதபோது விண்டோஸ் உடனே தேவைப்படாத பகுதிகளை எடுத்து ஹார்டு டிஸ்கில் எழுதி வைக்கிறது; தேவைப்படும்போது திரும்பப் படிக்கிறது. ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்கின் தலையில் ராமின் பாரமும் ஏறுகிறது. டிஸ்க் ஏன் தள்ளாடுகிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. நிமிஷத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி வினாடி. தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு எட்டு, ஒன்பது. ஆக ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் 12, 13 மில்லி வினாடி. சிதறிக் கிடப்பவை என்றால் வினாடிக்கு எண்பது சொச்சம்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டும். நாலு நிமிஷம் எங்கே போகிறது என்பது இதிலேயே தெரிகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. ஒரு கோப்பைத் தேட ஆகும் நேரம் 0.1 மில்லி வினாடிக்குப் பக்கம்.

முதலில் எஸ்.எஸ்.டி., அடுத்து ராம். பிராசசர் பற்றிப் பேச்சே இப்போது வேண்டாம்.

14 டிசம்பர், ஞாயிறு

கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்தோம். பக்கத்து ரைஸ் மில் தவிட்டுத் தூசி, பிரிண்டர் தூள், ஒரு பல்லி முட்டை ஓடு. பிராசசர் விசிறிக்குக் கீழே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகக் கொஞ்சம் வைத்தான் தம்பி. நிறையப் பூசினால் நல்லது என்று நினைக்கிறார்கள். நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும். ஹீட்சிங்க் அழுத்தத்தில் அதுவே பரவிக்கொள்ளும்.

ராம் குச்சியின் பித்தளை நிறக் காலில் கறுப்பு ஏறியிருந்தது. கடற்காற்று வேதாரண்யம் பக்கத்தோடு நிற்பதில்லை போலிருக்கிறது. மழைக்கால ஈரம் இங்கேயும் எல்லாவற்றையும் அரிக்கிறது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துணியால் துடைத்து மாட்டினான். விசிறி இப்போது கத்துவதில்லை. வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

16 டிசம்பர், செவ்வாய்

மார்கழி பிறந்தது. விடிகாலை கோயில் ஒலிபெருக்கி, அதற்குப் பிறகு தூக்கம் இல்லை.

ராம் விலை விசாரித்தேன். கடைக்காரர் சிரித்தார். "போன தீபாவளிக்கு வந்திருந்தா ஒரு விலை, இப்ப வேற விலைம்மா." உலகம் முழுக்க இதே கதை. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சில்லுகள் மொத்தமாகப் போகின்றன. உலகின் டிராம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். லாபம் அதிகமுள்ள பக்கம் அவர்கள் சாய்ந்தால் நம் மாதிரி ஆட்களுக்கு மிச்சம்தான். டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குருசியல் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. அமெரிக்காவில் எங்கோ ஒரு கொட்டகையில் ஓடும் சர்வருக்காக மன்னார்குடியில் சிட்டா பிரிண்ட் எடுக்கிற பெட்டி விலை ஏறுகிறது என்றால் பெரியவர் நம்பவா போகிறார்.

எனக்கு வேண்டியது டி.டி.ஆர்.3. புதியது கடைகளில் அருகிவிட்டது. கிடைத்தாலும் அந்த விலைக்கு அர்த்தமில்லை. கழித்துக் கட்டிய ஆபீஸ் கணினிகளிலிருந்து எடுத்த பழைய குச்சிகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. டி.டி.ஆர்.4 குச்சி இந்த ஸ்லாட்டில் உட்காராது. வெட்டு இருக்கும் இடமே வேறு. கவனிக்காமல் மாற்றி வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

18 டிசம்பர், வியாழன்

அண்ணன் மகன் சென்னையில் படிக்கிறான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறான். வரும்போது வாங்கி வா என்று போனில் சொன்னதும் ஆரம்பித்துவிட்டான்.

"அத்தை, ஐ7-3770 பழசு சல்லிசா கிடைக்குது. நாலு கோர். அதோட ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா நானும் லீவுல..."

"நீ லீவுல என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். சிட்டாவுக்கு எதுக்குடா கிராஃபிக்ஸ் கார்டு?"

அப்புறம் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. என்றான். அதுதான் ரொம்ப வேகமாம். வேகம்தான். ஆனால் எச்61 போர்டில் அதற்கு ஸ்லாட் இல்லை. அடாப்டர் கார்டு வைத்து மாட்டினாலும் அந்தக் காலத்து பயோஸ் அதிலிருந்து விண்டோஸைக் கிளப்பாது. சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான் இதற்குப் பொருத்தம். டப்பாவில் வினாடிக்கு 550 எம்.பி. என்று போட்டிருப்பார்கள், எச்61-ல் இருப்பது 3 ஜிகாபிட் சாட்டா மட்டும், 300 எம்.பி.யைத் தாண்டாது. அதனால் டப்பாவில் உள்ள எண்ணைப் பார்த்து அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்த கம்பெனி, வாரண்டி, பில். இது மூன்றும் இருந்தால் போதும் என்று சொன்னேன். எஸ்.எஸ்.டி. மட்டும் பழசு வேண்டாம். எத்தனை முறை எழுதித் தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ராமுக்கு அப்படியில்லை, அது பழசானாலும் சோதித்துவிடலாம். 4 ஜி.பி., 1600 மெகாஹெர்ட்ஸ், இருக்கிற குச்சிக்கு ஜோடியாக. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு குச்சி இருந்தால் பிராசசர் இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் படிக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் திரைக்கான நினைவகமும் ராமிலிருந்தே போவதால் இது இன்னும் உதவும்.

21 டிசம்பர், ஞாயிறு

விண்டோஸ் விஷயத்தைத் தீர்க்க வேண்டும். மக்களின் ஆதாரும் வங்கிக் கணக்கும் புழங்குகிற பெட்டியில் பாதுகாப்புத் திருத்தம் வராத சிஸ்டத்தை வைத்துக்கொண்டு இணையத்தில் இருப்பது சரியில்லை. கிராக் செய்த விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

லினக்ஸ் போடலாம் என்றிருக்கிறேன். நம் ஜில்லாவுக்கு இது புதிது இல்லை. 1999-க்கும் 2001-க்கும் இடையில் உமாசங்கர் திருவாரூர் கலெக்டராக இருந்தபோதுதான் இங்கே தாலுகா ஆபீஸ்களில் கணினிமயம் தீவிரமாக நடந்தது. தட்டச்சு மிஷின் போய்க் கீபோர்டு வந்த அந்தக் காலத்தில் நான் டைப்பிஸ்ட். பின்னால் அவரே தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அந்த நிறுவனத்தின் கணினிகளை சுசே லினக்ஸுக்கு மாற்றினார். செலவு குறைவு, வைரஸ் தொல்லை குறைவு என்பதுதான் அன்றைக்குச் சொன்ன காரணம். இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை.

என் வேலையில் முக்கால்வாசி பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். தடை இரண்டுதான். ஒன்று தமிழ்த் தட்டச்சு. நான் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையில் பழகியவள். கடைக்கு வரும் பெண் தமிழ்99-ல் அடிக்கிறாள். லினக்ஸில் இரண்டும் உண்டு, தனியாக மென்பொருள் வாங்க வேண்டாம். இரண்டாவது, கல்யாணப் பத்திரிகை. பேஜ்மேக்கரும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களும் இல்லாமல் அந்தப் பழைய கோப்புகளைத் திறக்கவே முடியாது. ஊரில் பாதிக் குடும்பங்களின் பத்திரிகை அதில் இருக்கிறது. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்ததையே பெயர் மாற்றித் தம்பிக்கும் கேட்பார்கள்.

ஆகவே ஏற்பாடு இப்படி. புது எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் மின்ட் 22. 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும். பழைய ஹார்டு டிஸ்க் விண்டோஸோடு அப்படியே பெட்டிக்குள் இருக்கட்டும், பேஜ்மேக்கருக்கு மட்டும். அது ஓடும்போது நெட் கேபிளை உருவிவிட வேண்டும். டிஸ்கின் ஆரோக்கியத்தைச் சோதித்தேன். முப்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தும் கெட்ட செக்டார் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பத்திரிகைக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்தாயிற்று.

27 டிசம்பர், சனி

அண்ணன் மகன் மன்னை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினான். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பில்லோடு, ராம் குச்சி பில் இல்லாமல். எஸ்.எஸ்.டி. இரண்டாயிரத்துச் சொச்சம், குச்சி ஐந்நூறு. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை என்பதை முகத்திலேயே காட்டிக்கொண்டு வந்தான்.

குச்சியை மாட்டியதும் 8 ஜி.பி. காட்டியது. காட்டுவது வேறு, வேலை செய்வது வேறு. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பெட்டியைக் கிளப்பி ஓடவிட்டோம். அரை மணியில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. பழைய குச்சியை எடுத்துவிட்டுப் புதிதாக வந்ததை மட்டும் மாட்டிப் பார்த்தால் அதே இடத்தில் அதே சிவப்பு. குச்சியில் ஒரு சில்லு கெட்டது. இதோடு லினக்ஸ் போட்டிருந்தால் என்றைக்கோ ஒருநாள் ஒரு விண்ணப்பம் பாதியில் நிற்கும், நாம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

தம்பியிடம் சொன்னேன். அவன் பட்டறையில் செத்த பெட்டி ஒன்றிலிருந்து வேறு ஒரு குச்சியைக் கொண்டுவந்தான். ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

28 டிசம்பர், ஞாயிறு

காலையில் பார்த்தால் பிழை பூஜ்யம். இனி இந்தக் குச்சிதான்.

பயோஸில் சாட்டா முறை ஐ.டி.இ. என்று இருந்தது. 2013-ல் அசெம்பிள் செய்தவர் அப்படியே விட்டுவிட்டார். எஸ்.எஸ்.டி.க்கு அது ஏ.எச்.சி.ஐ. ஆக இருக்க வேண்டும். நேராக மாற்றினால் பழைய விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும் என்பதால், முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழுந்திருக்கும்படி வைத்து, ரீஸ்டார்ட் செய்கிறபோது பயோஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடுக்குள் போய் வந்தோம். அதன் பிறகு இரண்டும் தகராறில்லாமல் ஓடுகின்றன. இந்த ஒரு படி தெரியாமல் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர்.

எஸ்.எஸ்.டி.க்குக் கேபினெட்டில் இடம் இல்லை. இருபக்க டேப்பில் ஒட்டினான். அசைகிற பாகம் ஒன்றும் இல்லாததால் அதுவே போதும். லினக்ஸ் போட்டு முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. லேசர் பிரிண்டரை அதுவாகவே கண்டுகொண்டது.

30 டிசம்பர், செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. விடியுமுன் ராஜகோபால சுவாமி கோயில், பரமபத வாசல், நெரிசல். கடை மத்தியானத்துக்கு மேல்தான். கரண்ட் ஒருமுறை போய் வந்ததில் யு.பி.எஸ். ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

5 ஜனவரி 2026, திங்கள்

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். சுவிட்சைப் போட்டதிலிருந்து பிரவுசர் திறப்பது வரை நாற்பது வினாடிக்குள். வேகச் சோதனையில் எஸ்.எஸ்.டி. வினாடிக்கு 270 எம்.பி. சொச்சம், டப்பாவில் போட்டிருந்ததில் பாதி, அதாவது இந்த போர்டு கொடுக்கக்கூடியது முழுக்க. கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தப் பாதி குறைவு தெரியாது. சின்னக் கோப்புகளுக்கான காத்திருப்பு போனதுதான் தெரிகிறது. பத்துப் பதினைந்து பக்கங்கள் திறந்திருந்தாலும் ராம் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் மடிக்கணினி என்று போன மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்ததே, அதற்கான டெண்டரிலும் 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்றுதான் கேட்டிருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பெட்டி அந்த அளவில் மட்டும் புதியவற்றோடு சமமாக நிற்கிறது. வீடியோ எடிட்டிங், புது கேம் என்று வந்தால் இது நிற்காது. அந்த வேலைக்கு இதில் காசு போடவே கூடாது. அண்ணன் மகனிடமும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

கடைக்கு வரும் பெண்ணுக்கு லினக்ஸ் பழக ரெண்டு நாள் பிடித்தது. கோப்பு எங்கே சேவ் ஆகிறது என்பதில்தான் குழம்பினாள். பேஜ்மேக்கருக்கு டிஸ்க் மாற்றி எழுப்புவது தொல்லைதான். பத்திரிகை வேலையைச் சாயங்காலம் மொத்தமாக வைத்துக்கொள்கிறோம்.

12 ஜனவரி, திங்கள்

முன்பட்டத்துக்காரர்கள் அறுப்புக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் வெயில் அடிக்கிறதா என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். பதிவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று விசாரித்துப் போனவர்களில் கோட்டூர்ப் பெரியவரும் இருந்தார். சிட்டா பிரிண்ட் கையில் வந்ததும் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சர்வீஸ் தம்பி ஒரு பழைய ஐ5-3470 கொண்டுவந்து காட்டினான். நாலு கோர், இதே போர்டில் உட்காரும், ஆயிரத்து ஐந்நூறு. இன்று நெருக்கடியான நேரத்தில் அவனையே பக்கத்தில் உட்கார வைத்து சிஸ்டம் மானிட்டரைக் காட்டினேன். பிராசசர் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. அது 77 வாட் சிப், இருக்கிறது 55 வாட். இந்தக் கடைக்கு அதில் கிடைப்பது கூடுதல் சூடு மட்டும்தான்.

ஐ5 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆயிரத்து ஐந்நூறை யு.பி.எஸ். பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன், போகிக்கு முன்னால் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.